யமனோதே ரயிலில் ஒரு சுற்று... நம்ம ஊர் 'கண்டிப்பா'வுக்கு ஜப்பானில் நாலு வார்த்தை!

டோக்கியோ நகரத்தின் ரயில் வரைபடத்தைப் பார்த்தால், யாரோ நூல்கண்டைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டதுபோல இருக்கும். அந்தச் சிக்கலுக்கு நடுவே ஒரே ஒரு பச்சை வளையம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதுதான் யமனோதே பாதை. நீளம் 34.5 கிலோமீட்டர், நிலையங்கள் 30. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கடைசி ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. ரயில் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு இந்த வளையத்தைப்போல ஒரு வகுப்பறை கிடைக்காது. முக்கியமாக, வினையடைச் சொற்களுக்கு. 'வேகமாக', 'இன்னும்', 'கொஞ்சம்', 'கண்டிப்பாக' என்று வினைக்கு முன்னால் வந்து உட்காரும் சின்னச் சின்ன வார்த்தைகள்தான் அவை. ஜப்பானியத்தில் அவற்றை மனப்பாடம் செய்வது சுலபம். எங்கே, யாரிடம், எந்த முடிவோடு சொல்ல வேண்டும் என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

பயணத்தை ஷின்ஜுகுவில் தொடங்கலாம். உலகிலேயே மிக நெரிசலான ரயில் நிலையம் என்று கின்னஸில் இடம்பிடித்த இடம் இது. பிளாட்பாரத்தில் நின்றால், காதில் விழும் முதல் வார்த்தையே ஒரு வினையடைதான்: 'மாமோனாகு'. 'இன்னும் சற்று நேரத்தில்' என்று அர்த்தம். அடுத்து, எத்தனையாவது பிளாட்பாரத்துக்கு எந்தப் பக்கம் போகும் ரயில் வருகிறது என்ற அறிவிப்பு.

புதிதாக வந்தவர் ஒரு நாளில் இதை இருபது முறை கேட்டு, பழகியும் விடுவார். பிறகு நண்பரிடம் போனில், "மாமோனாகு வந்துடுவேன்" என்பார். எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். "வண்டி எண் 12635... இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்" என்று எழும்பூர் ஸ்டேஷன் குரலில் ஒருவர் தன் வருகையைத் தானே அறிவித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும். நண்பர்களுக்குள் 'மோ சுகு' என்றால் போதும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'மோ சுகு' என்றால் 'கொஞ்ச நேரத்தில்'. முன்னால் உள்ள 'மோ'வை விட்டுவிட்டு வெறும் 'சுகு' என்று சொன்னால் 'உடனே'! வீட்டை விட்டுக் கிளம்பாமலே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் கஷ்டம்தான். ஜப்பானிய மேலதிகாரியிடம் 'சுகு' என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் போனால், அவர் திட்ட மாட்டார். ஆனால், அடுத்த முறை 'சுகு' என்றதும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இத்தனைக்கும் இலக்கணம் தமிழர்களுக்குச் சாதகமானது. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் வினையடை. நாம் 'அமைதி'யோடு 'ஆக' சேர்த்து 'அமைதியாக' ஆக்குவதுபோல, அவர்கள் 'ஷிஜுகா'வோடு 'நி' சேர்க்கிறார்கள்: 'ஷிஜுகா நி'. வேகம், சீக்கிரம் இரண்டையும் குறிக்கும் 'ஹயாய்' என்ற சொல்லில் கடைசி 'இ'யை எடுத்துவிட்டு 'கு' போட்டால் 'ஹயாகு'. இதுகூட நம்ம 'சீக்கிரம்' மாதிரியேதான். 'சீக்கிரம் எழுந்தேன்' என்றால் நேரம், 'சீக்கிரம் நட' என்றால் வேகம். எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சித்திர எழுத்து உண்டு; வாயால் சொல்லும்போது ஒன்றுதான். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அதனாலேயே பலர் இந்தப் பாடத்தை அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒரு 'கண்டிப்பா'... நாலு கதவுகள்!

ஷின்ஜுகுவுக்கு அடுத்த நிலையம் ஷின்-ஓகுபோ, அதற்கடுத்து தகதனோபபா. கொரியக் கடைகள், நேபாள உணவகங்கள், மொழிப் பள்ளிகள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று நிரம்பி வழியும் பகுதி. தகதனோபபாவில் ரயில் கிளம்பும்போது ஒலிப்பது 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூனின் இசை. கதைப்படி அந்த ரோபோ சிறுவன் 2003-ல் இந்த ஊரில்தான் பிறக்கிறான்.

இங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலை பார்க்கலாம். கடைகளில், உணவகங்களில் வேலை. அங்கேதான் 'கண்டிப்பா' பிரச்னை வருகிறது.

தமிழில் அது எல்லாக் கதவையும் திறக்கும் ஒரே சாவி. "கண்டிப்பா வர்றேன்", "கண்டிப்பா மழை வரும்", "கண்டிப்பா எங்க வீட்டுக்கு வாங்க", "கண்டிப்பா லேட்டா வரமாட்டேன்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான். ஜப்பானியத்தில் இந்த நான்கு கதவுக்கும் நான்கு சாவி.

மழை வரும் என்று ஊகிக்கும்போது 'கித்தோ'. அது பேசுபவரின் நம்பிக்கை மட்டுமே. வருவேன் என்று வாக்குக் கொடுக்கும்போது 'கனராஜு'. வீட்டுக்கு வாங்க என்று அழைக்கும்போது 'ஜெஹி'. அதில் ஆசையும் அன்பும் இருக்கும். லேட்டாக வரமாட்டேன் என்று மறுத்துச் சொல்லும்போது 'ஜெத்தாய்'. ஏனென்றால், 'கனராஜு' பொதுவாக எதிர்மறை வினையோடு சேராது. 'கனராஜு லேட்டாக மாட்டேன்' என்று சொன்னால், அர்த்தம் புரிந்தாலும் கேட்பவர் காதில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

கடை முதலாளி, "நாளைக்கு ஆள் குறைவு, வருவீங்களா?" என்று கேட்கிறார். மாணவர் உற்சாகமாக 'கித்தோ' போட்டு 'வருவேன்' என்கிறார். மனதுக்குள் அவர் சத்தியமே செய்திருக்கலாம். முதலாளி காதுக்கோ, 'வந்துடுவேன்னுதான் நினைக்கிறேன்' என்ற சாயல் அதில் ஒட்டிக்கொள்கிறது. வேறு ஓர் ஆளுக்கும் சொல்லி வைப்பார். மறுநாள் மாணவர் வந்து நின்றால் வேலை இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் சம்பளம்.

முள் எடுக்கும் சாமி

ரயில் இகெபுகுரோவைத் தாண்டிச் சுகமோவில் நிற்கும்போது, ஏறி இறங்குபவர்களின் வயது சட்டென்று கூடிவிடும். இளைஞர்களின் ஃபேஷன் தெருவான ஹராஜுகு, இதே வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சுகமோவுக்குச் செல்லப்பெயரே 'பாட்டிகளின் ஹராஜுகு'. சுமார் 800 மீட்டர் நீளக் கடைத்தெருவில் உப்புப் போட்ட இனிப்பு உருண்டை, ஊன்றுகோல், செருப்பு எல்லாம் கிடைக்கும். உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் விற்கப்படும் சிவப்பு நிற உள்ளாடைகளும் பிரபலம். தேதியில் 4 வரும் நாட்களில், அதாவது 4, 14, 24-ல், தெருவோரக் கடைகளும் சேர்ந்து திருவிழாக் கூட்டம்தான்.

கூட்டத்துக்குக் காரணம் கோகன்ஜி கோயில். 1891-ல் இங்கே இடம் மாறி வந்த இந்தக் கோயிலின் தெய்வத்துக்கு 'தொகெநுகி ஜிசோ' என்று பெயர். 'முள் எடுக்கும் ஜிசோ' என்று தமிழில் சொல்லலாம். எடோ காலத்தில் ஒரு பெண் தவறுதலாக ஊசியை விழுங்கிவிட்டாளாம். ஜிசோ உருவம் அச்சிட்ட சின்னக் காகிதத்தைத் தண்ணீரோடு விழுங்க வைத்தார்களாம். அவள் வாந்தி எடுத்தபோது அந்தக் காகிதத்தில் குத்தியபடி ஊசி வெளியே வந்தது என்பது ஐதீகம்.

கோயில் வாசலில் ஒரு கல் கண்ணோன் சிலை நிற்கிறது. தனக்கு எங்கே வலிக்கிறதோ, சிலையில் அதே இடத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். முட்டி வலி என்றால் சிலையின் முட்டி, தோள் வலி என்றால் தோள். முன்பு பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்தே பழைய சிலை தேய்ந்துபோனதால், 1992-ல் புதுச் சிலை வைத்து, பிரஷ்ஷுக்குப் பதில் துணியைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்கும் பாட்டிகள் பேசிக்கொள்வதைக் கேட்டால், பாடப்புத்தகத்தில் அவ்வளவாகக் கண்ணில் படாத வினையடைகள் வரிசையாக வந்து விழும்.

'ஜுகிஜுகி', 'ஷிகுஷிகு', 'கிரிகிரி', 'ஹிரிஹிரி', 'ச்சிகுச்சிகு'.

எல்லாம் வலிகள். 'ஜுகிஜுகி' என்றால் நாடித் துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கும் வலி; பல்லிலும் காயத்திலும் வருவது. 'ஷிகுஷிகு' வயிற்றில் மெதுவாக வருவது. சத்தமில்லாமல் விம்மி அழுவதற்கும் இதே சொல்தான். 'கிரிகிரி' என்றால் வயிற்றைத் துளைப்பதுபோல. சூடுபட்டதும் வெயிலில் கருகியதும் 'ஹிரிஹிரி'. முள் குத்துவதுபோலச் சுருக் சுருக்கென்றால் 'ச்சிகுச்சிகு'.

ஜப்பானிய மருத்துவர் "எப்படி வலிக்குது?" என்று கேட்டால், இந்த மாதிரிச் சொல்லைத்தான் எதிர்பார்க்கிறார். 'இத்தாய்' அதாவது 'வலிக்குது' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், இன்னும் நாலு கேள்வி கேட்டுத்தான் அவர் விஷயத்துக்கு வர முடியும். அவசரத்தில் வந்தவருக்கு அது நீண்ட நேரம்.

நியாயமாகப் பார்த்தால் இதைத் தமிழர்கள் பயப்படாமல் கற்றுக்கொள்ளலாம். நம்மிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது. சலசல, மினுமினு, படபட, கடகட. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் சொல்லிவைத்த அதே வகைச் சொற்கள்தாம் இவை. இன்னும் ஒரு படி மேலே போய், ஒட்டும் விதத்தைக் கவனியுங்கள். நாம் 'மினுமினு' என்பதோடு 'என்று' சேர்த்து 'மினுமினுவென்று' என்கிறோம். ஜப்பானியரும் 'கிராகிரா'வோடு 'தொ' சேர்த்து 'கிராகிரா தொ' என்கிறார்கள். அந்தத் 'தொ', 'அவன் வருகிறேன் என்று சொன்னான்' என்ற வாக்கியத்தில் வரும் நம்ம 'என்று'வின் வேலையையும் செய்கிறது! ஒரு வார்த்தை, இரண்டு மொழியிலும் அதே இரட்டை உத்தியோகம்.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, மொழி படிப்பவருக்கு இந்த ஒற்றுமை கையில் கிடைத்த கைப்பிடி.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது எழுத்து. தமிழில் 'க'வுக்கு ஒரே எழுத்து. ஜப்பானியத்திலோ அழுத்தமான 'க'வும் மென்மையான 'க'வும் வேறு வேறு. நட்சத்திரம் அழகாக மின்னினால் 'கிராகிரா'. அதையே இரண்டு 'கி'யையும் 'கீதை'யில் வரும் ஒலியோடு சொன்னால், கண்ணைக் கூசவைக்கும் உச்சி வெயில்! தமிழ் நோட்டில் எழுதிப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கதவை மெல்லத் தட்டுவது 'தொன்தொன்', அதையே 'தோசை'யின் ஒலியில் சொன்னால் கதவை உடைக்கிற இடி. ஒலி கனத்தால் பொருளும் கனக்கும். மணப்பெண்ணின் நகை 'கிராகிரா' என்று சொல்லப்போய், வாய் தவறி வெயிலாக்கிவிட்டால் பாராட்டு குத்தலாகிவிடும். தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது உத்தமம்.

வலி பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் சுமார் 29 சதவீதம். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் புதிய திறன் பணியாளர் விசாவைக் கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பும் அதில் ஒரு துறை. அடிப்படை ஜப்பானியத் தேர்வோடு, பராமரிப்புப் பணிக்கான மொழித் தேர்வும் எழுத வேண்டும். இந்தியாவிலிருந்தும் இந்த வழியில் போகிறார்கள்.

அங்கே இரவுப் பணி முடித்துக் கிளம்பும் ஊழியரிடம், காலையில் வருபவர் கேட்கிறார்: "இந்தப் பாட்டி மருந்து சாப்பிட்டாங்களா?" தமிழில் இதற்குப் பதில் "சாப்பிடலை" என்ற ஒற்றைச் சொல். சாப்பிடாமல் விட்டுவிட்டார் என்றாலும் அதுதான், இனிமேல்தான் சாப்பிட வேண்டும் என்றாலும் அதுதான். அதை அப்படியே பெயர்த்து 'நொமிமாசென் தெஷித்தா' என்றால், 'சாப்பிடவில்லை, அந்த வேளை முடிந்துபோனது' என்று பொருள். 'மதா நொந்தே இமாசென்' என்றால்தான் 'இன்னும் சாப்பிடவில்லை, சாப்பிட வேண்டும்'. முதலாவதைக் கேட்டவர், வேளை தவறிய மருந்து என்று குறித்துக்கொண்டு நர்ஸிடம் ஓடுவார். இரண்டாவதைக் கேட்டவர், டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போவார். நடுவில் இருப்பது 'மதா' என்ற ஒரு வினையடையும், அதற்கேற்ற வினை முடிவும்தான். அவசரத்தில் முழு வாக்கியம் வரவில்லையென்றால், "மதா தெஸ்" என்றாலே போதும். 'இன்னும் இல்லை' என்று முழு அர்த்தமும் அதில் இருக்கிறது.

பேரம் முதல் ஆபீஸ் வரை

வளையத்தின் கிழக்குப் பக்கம் உயெனோ. ரயில் தண்டவாளத்தை ஒட்டி நீளும் அமெயொகோ சந்தை, போருக்குப் பின் கறுப்புச் சந்தையாக முளைத்தது. மீன், உலர்பழம், ஷூ என்று எல்லாம் உண்டு. டோக்கியோவில் பேரம் பேசினால் முறைக்காத இடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே வேண்டியது 'ச்சொத்தோ'. 'கொஞ்சம்' என்று அர்த்தம். 'கொஞ்சம் தள்ளுங்க', 'கொஞ்சம் இங்க பாருங்க' என்று நாம் சொல்லும் எல்லா இடத்திலும் இதுவும் பொருந்தும். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போலாமா?" என்று கேட்டதும் ஒரு ஜப்பானியர் தலையைச் சாய்த்து, "ஞாயிற்றுக்கிழமை ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால், அதற்குமேல் வாக்கியம் வராது. முடியாது என்பதுதான் பதில். "கொஞ்சம் என்ன? கொஞ்ச நேரம் ஃப்ரீயா?" என்று துருவுவது அநாகரிகம். நம்ம ஊர் "பார்க்கலாம்"போல, மீதியைக் கேட்பவரே புரிந்துகொள்ள வேண்டும்.

'மோ'வும் இங்கே விளையாடும். 'மோ ஹிதொத்சு' என்றால் 'இன்னொன்று குடுங்க'. கடைக்காரர் 'மோ அரிமாசென்' என்றால் 'தீர்ந்துபோச்சு'. அதே 'மோ'தான், பின்னால் வருவதைப் பொறுத்துப் பை நிறையும் அல்லது காலியாகத் திரும்பும்.

இன்னும் ஆறு நிலையம் தாண்டினால் ஷிம்பஷி. கோட் சூட் போட்ட அலுவலக மனிதர்களின் ஊர். டிவி சேனல்கள் மைக்கை நீட்டி 'சாமானிய சம்பளக்காரர்' கருத்துக் கேட்க வருவது பெரும்பாலும் இந்த நிலைய வாசலுக்குத்தான்.

அலுவலக ஜப்பானியத்தில் 'இச்சியோ' ஓர் ஆபத்தான சொல். "சரிபார்த்தாச்சா?" என்று கேட்டால், பணிவாக இருக்கட்டுமே என்று "இச்சியோ பார்த்துட்டேன்" என்று சொல்லக்கூடாது. 'ஏதோ பார்த்தேன், உத்தரவாதம் இல்லை' என்றாகிவிடும். மேலதிகாரி தானே இன்னொரு முறை உட்கார்ந்து பார்ப்பார். 'தெகிதோ நி' இன்னும் மோசம். தேர்வுத்தாளில் 'பொருத்தமாக', பேச்சிலோ பெரும்பாலும் 'ஏனோதானோவென்று'. 'நாகாநாகா'வும் அப்படித்தான். எதிர்மறையோடு வந்தால், 'பஸ் வரவே மாட்டேங்குது' என்ற சலிப்பு. பாராட்டாக வந்தால், 'பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு' என்று மேலே இருந்து கீழே பார்க்கும் தொனி. அதை ஆசிரியரிடமோ மேலதிகாரியிடமோ சொல்லாமல் இருப்பது நல்லது.

'ஜென்ஜென்' பற்றி மட்டும் ஜப்பானியரே சண்டை போட்டுக்கொள்வார்கள். 'சுத்தமா தெரியாது' என்பதுபோல எதிர்மறையோடுதான் வர வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. ஆனால் இளைஞர்கள் 'ஜென்ஜென் ஓகே' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். மொழி கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உண்மை என்னவென்றால், மெய்ஜி காலத்து மாபெரும் நாவலாசிரியர் நட்சுமே சொசெகியே அதை எதிர்மறை இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார். 'மிகவும்' என்ற அர்த்தத்தில் முதல் பாடத்திலேயே கற்றுத் தரும் 'தொத்தெமோ'வும் ஒரு காலத்தில் எதிர்மறைச் சொல்தான். 'ரொம்ப மலிவு' என்று அதைச் சொல்வது டோக்கியோவுக்குப் புதுப் பழக்கம் என்று சுமார் நூறு வருடங்களுக்கு முன் எழுதியவர், 'ரஷோமோன்' கதையின் ஆசிரியர் அகுதகவா. எனவே தேர்வில் 'ஜென்ஜென்' எழுதினால் எதிர்மறையோடு எழுதுங்கள். நண்பர் வேறு மாதிரி பேசினால் திருத்தப் போகாதீர்கள்.

மாலையானதும் ஷிம்பஷி ரயில் பாலத்தடியில் கரி அடுப்புகள் புகைய ஆரம்பிக்கும். கோழிக்கறிக் கம்பிகளும் பீர் கோப்பைகளுமாகச் சின்னச் சின்னக் கடைகள். ஒன்பது மணிவாக்கில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, "சொரொசொரொ..." என்பார். நம்ம 'சொரசொரப்பு'க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'நேரமாச்சு, அப்ப கிளம்பலாமா' என்பதை ஒரே சொல்லில் மென்மையாகச் சொல்லிவிடுவது அது. இதே இடத்தில் 'சுகு' போட்டு, 'உடனே வீட்டுக்குப் போறேன்' என்றால், யாரோ மனதைப் புண்படுத்திவிட்டார்கள் என்று மேஜை முழுக்கக் கவலைப்படும்.

கிளம்புகிறவர், உட்கார்ந்திருப்பவர்களிடம் "தோஜோ, கொயுக்குரி" என்று சொல்லிவிட்டுப் போவார். 'யுக்குரி' என்றால் 'மெதுவாக' என்று பாடத்தில் படித்த புதியவர், உடனே கோழிக்கறியை மெள்ள மெள்ள மென்று சாப்பிட ஆரம்பிப்பார். அவர் சொன்னது, 'நீங்க ஆற அமர இருந்துட்டு வாங்க' என்று.